உரிமையைக் காப்பதாகச் சொல்லும் அரசை யார் கண்காணிப்பது? கேர்ன்டன் ஊர்ப்பலகைகளிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: ஐரோப்பாவில் தேசியச் சிறுபான்மையினரைக் காக்க ஓர் உடன்படிக்கை இருக்கிறது. ஆனால் அது நடைமுறையில் இருக்கிறதா என்று பார்ப்பது, அந்தந்த அரசே எழுதி அனுப்பும் அறிக்கையை வைத்துத்தானே? அப்படியானால் அந்தக் கண்காணிப்பில் சிறுபான்மையினருக்கு உண்மையிலேயே பங்கு உண்டா, இல்லை பெயருக்குக் கூப்பிட்டு உட்கார வைப்பதோடு சரியா?

பங்கு உண்டு. அதில் அரசுகள் கொடுத்தது கொஞ்சம், அவர்களாக எடுத்துக்கொண்டது அதிகம். விதிகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு சாலைக்குப் போவோம்.

ஆஸ்திரியாவின் தெற்கு ஓரத்தில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டி, கேர்ன்டன் என்று ஒரு மாநிலம். அங்கே தலைமுறை தலைமுறையாக ஸ்லோவேனிய மொழி பேசுகிறவர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் வாயில் அந்த மாநிலத்தின் பெயர் கொரோஷ்கா. தலைநகரம் கிளாகன்ஃபுர்ட்டுக்குப் பெயர் செலோவெட்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1955இல், ஆஸ்திரியா மறுபடி முழு இறையாண்மை பெற்றபோது ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் ஜெர்மனோடு அவர்கள் மொழியும் ஆட்சிமொழியாக இருக்கும், ஊர்ப்பெயர்கள் இரண்டு மொழியிலும் எழுதப்படும் என்று அதன் 7ஆம் பிரிவு சொன்னது. சொன்னதோடு சரி. பதினேழு ஆண்டு கழித்து, 1972இல்தான், 205 ஊர்களுக்கு இருமொழிப் பலகை வைக்கச் சட்டம் வந்தது. பலகைகளை நட்ட சில வாரங்களுக்குள் கூட்டம் கூட்டமாகக் காரில் வந்து அவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். அரசு பின்வாங்கியது. 1976இல் வந்த சட்டம், நான்கில் ஒருவராவது சிறுபான்மையினராக இருந்தால்தான் பலகை என்று வரம்பு கட்டியது. அடுத்த ஆண்டு வந்த அரசாணையில் 91 ஊர்கள்தான் மிஞ்சின.

இங்கேதான் ரூடி வோக் வருகிறார். கேர்ன்டன் ஸ்லோவேனியர், தொழிலால் வழக்கறிஞர். ஆஸ்திரியாவில் ஊர்ப்பலகை என்பது வெறும் பெயர்ப்பலகை கிடையாது. நீல விளிம்பு போட்ட அந்த வெள்ளைப் பலகையைத் தாண்டிய நொடியிலிருந்து ஊருக்குள் வந்துவிட்டதாகக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. சாங்க்ட் கன்சியான் என்ற ஊரின் பலகையைத் தாண்டி வோக் அந்த வேகத்துக்கு மேல் போனார், அபராதம் விழுந்தது. அவர் அதைக் கட்டிவிட்டுப் போகவில்லை. ‘இந்தப் பலகையில் ஜெர்மன் மட்டும்தான் இருக்கிறது. 1955 ஒப்பந்தப்படி ஸ்லோவேனியப் பெயரும் இருந்திருக்க வேண்டும். முறைப்படி வைக்காத பலகையை வைத்து எனக்கு எப்படி வேக வரம்பு போடலாம்?’ என்ற வாதத்தோடு வழக்கை அரசியலமைப்பு நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 2001 டிசம்பர் 13 அன்று தீர்ப்பு வந்தது. 25 சதவீத வரம்பு ஒப்பந்தத்துக்கு முரணானது, நீண்ட காலமாகச் சுமார் 10 சதவீதம் பேர் இருந்தாலே போதும் என்றது நீதிமன்றம்.

இதை ஒரு சுவையான வழக்கு என்று படித்துவிட்டுக் கடந்துபோக என்னால் முடியவில்லை. 1976 சட்டமே சிறுபான்மைக் குழுக்களுக்கென்று வியன்னாவில் ஆலோசனை மன்றங்களை உருவாக்கியிருந்தது. உறுப்பினர்களை நியமிப்பது கூட்டாட்சி அரசு. அந்த அமைப்பிலும் அதைப் பெற்றெடுத்த சட்டத்திலும் நம்பிக்கை இல்லாமல் ஸ்லோவேனியர்கள் பல ஆண்டுகள் அதில் உட்காரவே மறுத்தார்கள். பங்கேற்பு என்ற பெயரில் ஒரு மன்றம் இருந்தது. ஒப்பந்தத்தை மீறியிருப்பது வெளிச்சத்துக்கு வந்ததோ ஒரு தனி மனிதரின் அபராதச் சீட்டில். தன் ஊர்ப்பெயர் எந்தப் பலகையில் இல்லை என்பது அங்கே வாழ்கிறவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அமைச்சகத்துக்கும் தெரியாது. சிறுபான்மையினரைக் கண்காணிப்பில் சேர்க்க வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். நீதி, நியாயம் என்பதெல்லாம் இருக்கட்டும், அவர்கள் இல்லாமல் தகவலே கிடைக்காது.

தீர்ப்பு வந்தபிறகும் கண்காணிப்பு ஓயவில்லை. ஓய முடியவில்லை. 2006 பிப்ரவரியில் மாநில அரசின் தலைவர் யோர்க் ஹைடர், ப்ளைபுர்க் என்ற ஊரின் ஜெர்மன் பலகையைச் சில மீட்டர் தள்ளி நட்டார். பலகை இருக்கும் இடம் மாறிவிட்டதால் பழைய தீர்ப்பு இதற்குப் பொருந்தாது என்பது அவர் கணக்கு. அப்புறம் ஜெர்மன் பலகைக்குக் கீழே ஸ்லோவேனியப் பெயரைச் சின்னத் தகடாகத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். அதுவும் செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. உரிமையைச் சட்டத்தில் எழுதியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்தச் சில மீட்டரைத்தான்.

சரி, இனி உடன்படிக்கைக்கு வருவோம். தேசியச் சிறுபான்மையினர் பாதுகாப்புக்கான கட்டமைப்பு உடன்படிக்கை ஐரோப்பிய மன்றத்தின் ஆக்கம். பலர் இதை ஐரோப்பிய ஒன்றியத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஐரோப்பிய மன்றம் வேறு, அது ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கிறது. 1995 பிப்ரவரி 1 அன்று உடன்படிக்கை கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது, 1998 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரான்சும் துருக்கியும் இன்றுவரை கையெழுத்தே போடவில்லை. கிரீஸும் பெல்ஜியமும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏற்புறுதி செய்யாமல் வைத்திருக்கின்றன.

கண்காணிப்பு இப்படி நடக்கிறது. ஏற்றுக்கொண்ட நாடு முதல் ஆண்டுக்குள் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும், பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. அதை அதிகபட்சம் 18 தனி வல்லுநர்கள் கொண்ட ஆலோசனைக் குழு ஆராய்கிறது, நாட்டுக்கே போய்ப் பார்க்கிறது, தன் கருத்துரையை எழுதுகிறது. அரசு அதற்குப் பதில் எழுதலாம். கடைசியில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் குழு தீர்மானம் நிறைவேற்றுகிறது. இறுதி முடிவு அரசுகளின் கையில்தான் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1997இல் விதிகள் எழுதப்பட்டபோது சிறுபான்மையினருக்கு இருந்த இடம் இன்னும் குறுகலானது. தனி ஆட்களும் தொண்டு அமைப்புகளும் அனுப்பும் தகவலைக் குழு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தகவல் கேட்பதற்காக அரசு சாராதவர்களை நேரில் சந்திக்க வேண்டுமென்றால் அமைச்சர்கள் குழுவிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கண்காணிக்கப்படுகிற அரசுகளின் பிரதிநிதிகளிடமே அனுமதி! முதல் சுற்றிலேயே நாடுகள் குழுவைத் தங்கள் மண்ணுக்கு அழைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. வந்த இடத்தில் அமைச்சக அதிகாரிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது அபத்தமாக இருந்திருக்கும். இன்று ஒரு நாட்டுப் பயணத்தில் சிறுபான்மை அமைப்புகளைத் தனியே சந்திப்பது வழக்கமாகிவிட்டது. ‘தனியே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மானியம் கொடுக்கும் அதிகாரி எதிர் நாற்காலியில் இருக்கும்போது, மானியம் போதவில்லை என்று எத்தனை பேர் வாயைத் திறப்பார்கள்?

ஆக, கதவு மூன்று இடங்களில் இருக்கிறது. அரசு அறிக்கை எழுதும்போது, குழு வரும்போது, கருத்துரை வெளியானபிறகு. இவை ஒரே அளவு திறந்திருக்கவில்லை.

முதல் கதவில் ஜெர்மனியைக் கொஞ்சம் நல்ல உதாரணமாகச் சொல்லலாம். அங்கே டேனியர், சோர்பியர், ஃப்ரீசியர், ஜெர்மன் சின்டி–ரோமா (‘ஜிப்சிகள்’ என்று பிறர் அழைத்துவந்த மக்கள்) என்று நான்கு குழுக்களை அரசு அங்கீகரித்திருக்கிறது. நான்கும் சேர்ந்து ஒரு சிறுபான்மையர் மன்றம் நடத்துகின்றன. 2005 முதல் பெர்லினில் அவற்றுக்கு ஒரு செயலகமும் இருக்கிறது. சிறுபான்மை அமைப்புகளின் கருத்துகளையும் சேர்த்தே அரசு அறிக்கைகளை அனுப்பியிருக்கிறது. அரசு சொல்வதும் அதற்கு மாறாக அவர்கள் சொல்வதும் ஒரே கட்டில் இருக்கும்போது படிப்பவருக்கு உண்மை எங்கே இருக்கிறது என்று கொஞ்சமாவது பிடிபடும். மற்ற பல இடங்களில் ‘கலந்தாலோசித்தோம்’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. வரைவை எப்போது கொடுத்தார்கள், படிக்க எத்தனை நாள் கொடுத்தார்கள், சொன்னதில் எதை ஏற்றார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

அப்புறம், யாரைச் சிறுபான்மையினர் என்று அரசு எண்ணுகிறது என்பதிலேயே கதவு சிலருக்குச் சாத்தப்பட்டுவிடுகிறது. டென்மார்க் தெற்கு யூட்லாந்தின் ஜெர்மானியர்களை மட்டுமே இந்த உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தது. எஸ்தோனியா தன் குடிமக்களுக்கு மட்டும் என்று அறிவித்தது. அங்கே ரஷ்ய மொழி பேசும் ஏராளமானோர் குடியுரிமை இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பட்டியலில் பெயரில்லாதவர் புகார் எழுதினால் முதலில் வரும் பதில் ‘நீங்கள் யார்?’ என்பதாகத்தான் இருக்கும். ஆலோசனைக் குழு இதை ஏற்றுக்கொள்ளாமல் பிரிவு பிரிவாகப் பாருங்கள், சில உரிமைகளையாவது இவர்களுக்கும் கொடுங்கள் என்று அரசுகளிடம் சொல்லிக்கொண்டே வருகிறது. அந்த விடாப்பிடியை நான் மதிக்கிறேன்.

சிறுபான்மையினர் பெயரில் யார் பேசுகிறார்கள் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. ஹங்கேரியைப் பாருங்கள். 1993இல் அந்த நாடு 13 சிறுபான்மைக் குழுக்களுக்குத் தன்னாட்சி மன்றங்கள் அமைக்கச் சட்டம் இயற்றியது. உள்ளூர்ப் பள்ளியிலும் பண்பாட்டிலும் அந்த மன்றங்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம், சில விஷயங்களில் ஒப்புதலே தேவைப்படும். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இதற்கு ஈடாகச் சொல்ல அதிகம் கிடையாது. ஆனால் யார் வாக்களிக்கலாம், யார் நிற்கலாம் என்று சட்டம் கட்டுப்படுத்தவில்லை. ஒருவரின் இன அடையாளத்தை அரசு பதிவு செய்யக் கூடாது என்ற நியாயமான தயக்கம்தான் காரணம். நாஜிகள் காலத்துப் பட்டியல்களை மறக்காத சமூகங்கள் அவை.

2002இல் யாஸ்லாதான்யி என்ற ஊரில் அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. அங்கே பொதுப்பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதியில் தனியாக அறக்கட்டளைப் பள்ளி ஒன்று தொடங்க ஏற்பாடு நடந்தது. ரோமா குழந்தைகள் ஒரு பக்கம், மற்றவர்கள் இன்னொரு பக்கம் என்று அது முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. ரோமா மன்றம் எதிர்த்தது. அந்த ஆண்டு ரோமா மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க நடந்த தேர்தலில் ரோமா அல்லாதவர்களும் சேர்ந்து வாக்களித்தார்கள். ஊர்த் தலைவரின் மனைவி உட்பட ரோமா அல்லாதவர்கள் ரோமா மன்றத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். எதிர்ப்புக் குரல் கொடுக்கத்தான் சட்டம் அந்த மன்றத்தை உருவாக்கியது. அதே சட்டத்தின்படி நடந்த தேர்தலே அந்தக் குரலை எடுத்துவிட்டது. 2005இல் சட்டத்தைத் திருத்தி, சிறுபான்மையினராகத் தாமாக முன்வந்து பதிவு செய்துகொண்டவர்களே வாக்களிக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். பலருக்குப் பெயரைப் பதிவதில் பயம். ஆனாலும் வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

எண்ணிக்கையிலும் இதே சிக்கல்தான். கேர்ன்டனில் ஸ்லோவேனியர் எத்தனை பேர் என்று அறிய 1976 நவம்பரில் ஆஸ்திரியா ஒரு தனிக் கணக்கெடுப்பு நடத்தியது. உரிமையைக் குறைக்கத்தான் எண்ணுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு ஸ்லோவேனியர்கள் அதைப் புறக்கணித்தார்கள், கணக்கு பயனற்றுப் போனது. 2001 கணக்கெடுப்பில் வந்த எண் ஏறக்குறைய 12,500. அதற்குப் பிறகு பதிவேடுகளை வைத்தே மக்கள்தொகையைக் கணக்கிடும் முறை வந்துவிட்டதால் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்ற கேள்வியே இல்லாமல் போயிற்று. சதவீதத்தை வைத்து உரிமை கொடுக்கும் நாட்டில் சதவீதத்தைத் தெரிந்துகொள்ளும் வழி அடைபட்டுக் கிடக்கிறது. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, யார் வீடு வீடாகப் போய்க் கேட்பது என்று தீர்மானிக்கும் இடத்திலேயே சிறுபான்மையினர் இருந்தால்தான் அவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

சதவீதம் என்றதும் நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. இந்திய அரசியலமைப்பில் 1956இல் சேர்க்கப்பட்ட 350பி பிரிவின்படி மொழிச் சிறுபான்மையினருக்கென்று ஒரு சிறப்பு அதிகாரி இருக்க வேண்டும். ஒரு மாவட்டத்திலோ வட்டத்திலோ 15 சதவீதம் பேர் ஒரு சிறுபான்மை மொழி பேசினால் முக்கிய அறிவிப்புகள் அந்த மொழியிலும் வர வேண்டும். ஒரு வகுப்பில் 10 பேரோ பள்ளியில் 40 பேரோ இருந்தால் தொடக்கக் கல்வி தாய்மொழியில் தர வேண்டும். இவையெல்லாம் பழைய வாக்குறுதிகள். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் உள்ள தமிழருக்கும், ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கர், கன்னடருக்கும் இவை பொருந்தும். அந்த அதிகாரியின் அறிக்கை குடியரசுத் தலைவருக்குப் போகிறது, நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. ஆனால் அறிக்கை எழுதும் வேலையில் அந்த மொழி பேசுகிறவர்களுக்கு ஓர் இருக்கை வேண்டும் என்று 350பியில் ஒரு வரி கிடையாது. அந்த ஒரு வரி எத்தனை வேலை செய்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

மறுபடி ஐரோப்பாவுக்கு. இரண்டாவது கதவு, அதாவது குழுவுக்கு மாற்று அறிக்கை எழுதுவது, எந்த அமைப்பின் கைக்கும் எட்டும். அதற்கு அங்கீகாரம் எதுவும் வேண்டாம். ஆனால் எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘எங்கள் மொழி புறக்கணிக்கப்படுகிறது’ என்று பத்துப் பக்கம் எழுதினால் அது வேதனையாக மட்டுமே போய்ச் சேரும். ‘இன்ன தேதியில் இன்ன அலுவலகத்தில் எங்கள் மொழியில் விண்ணப்பம் கொடுத்தோம். வாங்க மறுத்தார்கள். எழுத்தில் காரணம் கேட்டோம். இதோ பதில்’ என்று அரைப் பக்கம் எழுதினால் வல்லுநர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம். எந்தப் பிரிவு மீறப்பட்டது என்றும் குறிப்பிட வேண்டும். அலுவலக மொழிக்கு 10ஆம் பிரிவு, ஊர்ப்பெயருக்கு 11, தாய்மொழிக் கல்விக்கு 14, முடிவெடுப்பதில் பங்கேற்க 15. பெரிய சங்கங்கள் எழுதுவதோடு நின்றுவிடாமல், அந்தச் சங்கங்களில் குரல் இல்லாத பெண்களும் இளைஞர்களும் தனியாகவே எழுத வேண்டும் என்பேன். சங்கத் தலைவருக்குப் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து வருவது நின்றுபோனது தெரியாமல் இருக்கலாம். தாய்க்குத் தெரியும்.

மூன்றாவது கதவுதான் மிகவும் ஒடுக்கம். கருத்துரை வெளியானபிறகு அதை நாட்டு மொழியிலும் சிறுபான்மை மொழியிலும் பெயர்த்து, அரசும் சிறுபான்மையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ‘இதில் எதை எப்போது செய்வீர்கள்’ என்று பேசும் தொடர்நடவடிக்கைக் கூட்டங்கள் சில நாடுகளில் நடக்கின்றன. பல நாடுகளில் கருத்துரை அடுத்த சுற்றுவரை அலமாரியில் தூங்குகிறது. ஐந்து ஆண்டு என்பது சின்ன இடைவெளி இல்லை. முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை அதற்குள் தொடக்கப்பள்ளியையே முடித்துவிடும். தாய்மொழியில் எழுதக் கற்காமலே முடித்திருந்தால் அடுத்த சுற்றில் வரும் நல்ல வாசகங்கள் அந்தக் குழந்தைக்கு உதவப் போவதில்லை. என்னைக் கேட்டால், அறிக்கைக்குச் செலவழிக்கும் உழைப்பில் பாதியை இந்த இடைக்காலத்துக்குத் திருப்பிவிட வேண்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, ஆண்டுக்கு ஒருமுறை சிறுபான்மையினர் முன்னால் கணக்குச் சொல்லும் கூட்டம், இவை வேண்டும்.

கேர்ன்டன் எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்கு அதில்தான் பதிலின் கடினமான பாதி இருக்கிறது. 2011இல் கூட்டாட்சி அரசு, மாநில அரசு, மூன்று ஸ்லோவேனிய அமைப்புகளின் தலைவர்கள் ஆகியோர் சேர்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 164 ஊர்களுக்கு இருமொழிப் பலகை. வரம்பு 17.5 சதவீதம். அந்த ஜூலையில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. பலகைகள் நடப்பட்டன, இந்த முறை யாரும் கூட்டமாக வந்து பிடுங்கவில்லை. ஐம்பது ஆண்டுக்கும் மேலான சண்டை ஓய்ந்ததில் ஸ்லோவேனியக் குடும்பங்களுக்கு இருந்த நிம்மதியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. சிறுபான்மையினர் மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்ட தீர்வு அது.

ஆனால் நீதிமன்றம் சொன்ன 10 சதவீதம் அந்த மேசையில் 17.5 ஆனது. அதோடு நிற்கவில்லை. அந்தப் பட்டியலை அரசியலமைப்புச் சட்டத்தின் தகுதியோடு நிறைவேற்றினார்கள். பலகை கிடைக்காத ஊர்க்காரர் வோக் போன வழியில் போய் 10 சதவீதத்தைக் கேட்க முடியாதபடி நீதிமன்றக் கதவு மூடப்பட்டது. பேச்சுவார்த்தையில் இடம் கொடுத்து, கண்காணிக்கும் வழியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்த அறையில் நான் இருந்திருந்தால் பலகைகளின் எண்ணிக்கையைவிட, இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலை மறுபடி பார்க்க வேண்டும் என்ற ஒரு வாசகத்துக்காகவே அதிகம் மல்லுக்கட்டியிருப்பேன்.

ஏபர்ண்டார்ஃப், சாங்க்ட் கன்சியான் என்ற இரண்டு ஊராட்சிகளில் இதன் விளைவை இன்றும் பார்க்கலாம். அங்கே ஊராட்சி அலுவலகத்தில் ஸ்லோவேனிய மொழியில் விண்ணப்பம் கொடுக்கும் உரிமை எல்லோருக்கும் கிடையாது. பட்டியலில் உள்ள குக்கிராமங்களில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். ஒரே அலுவலகம், அதே எழுத்தர், அதே மொழி. பட்டியலில் உள்ள கிராமத்துக்காரர் தன் மொழியில் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் அவருடைய சொந்தக்காரருக்கு அந்த உரிமை இல்லை.